குடும்பத்தைப் பார்க்கச் சில நாள் வெளிநாட்டுப் பயணம்: விமானத் தாமதமும் உடல்நலக் குறைவும் குறுக்கிட்டால் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளிநாட்டில் இருக்கும் மகளையோ அண்ணனையோ வயதான பெற்றோரையோ பார்க்க ஒரு வாரம், பத்து நாள் போய்வருகிறவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். மூன்று மாதம் தங்குகிறவருக்கு இரண்டு நாள் காய்ச்சல் வந்தால் பெரிதாகத் தெரியாது. ஒரு வாரத்துக்குப் போனவருக்கு முதல் நாள் விமான நிலையத்திலும் அடுத்த இரண்டு நாள் படுக்கையிலும் கழிந்தால் பயணத்தில் பாதிதான் மிஞ்சும். இப்படி மாட்டிக்கொண்ட உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே கீழே வைத்திருக்கிறேன்.

பதில்கள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் உடல்நலம், அடுத்து நாம் பார்க்கப் போன மனிதர், பணம் கடைசியில். ரசீதும் எழுத்து ஆதாரமும் கையில் இருந்தால் பணத்தை ஊர் திரும்பிய பிறகும் கேட்டு வாங்கலாம். போன நாளை யாரிடமும் கேட்க முடியாது.

விமானம் தாமதம் என்று குறுஞ்செய்தி வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

எவ்வளவு நேரம், என்ன காரணம் என்ற இரண்டையும் கேளுங்கள். முடிந்தால் எழுத்தில் வாங்குங்கள். மின்னஞ்சலோ, விமான நிறுவனச் செயலியில் வரும் பதிலோ போதும். ஒரே விமானம் ஒரு நாளில் பல ஊர்களுக்குப் பறக்கிறது. காலையில் எங்கோ ஏற்பட்ட ஒரு மணி நேரத் தாமதம் மாலைக்குள் மூன்று மணி நேரமாக வளர்ந்துவிடும். ஆகவே, "நாம் ஏற வேண்டிய விமானம் இப்போது எங்கே இருக்கிறது?" என்று கேட்டால் அறிவிப்புப் பலகை சொல்லாத உண்மை தெரியவரும். விமானிகளுக்கும் பணிக்குழுவினருக்கும் சட்டப்படி வேலை நேர வரம்பு உண்டு. தாமதம் அந்த வரம்பைத் தொட்டால் மாற்றுக் குழு வரவேண்டும். இல்லாவிட்டால் விமானம் ரத்தாகலாம்.

குறுஞ்செய்தியைப் படமெடுத்து வையுங்கள். போர்டிங் பாஸைத் தூக்கி எறியாதீர்கள். அழைத்துப்போக வருகிறவர்களுக்கு உடனே சொல்லிவிடுங்கள். அவர்கள் அங்கே நள்ளிரவில் காத்திருக்கத் தேவையில்லை.

காத்திருக்கும்போது சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விமான நிறுவனம் தருமா? அவர்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

பெரும்பாலும் கேட்டால்தான் தருவார்கள். என்ன தர வேண்டும் என்பது எந்த நாட்டு விதி உங்கள் பயணத்துக்குப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, அங்குள்ள விமான நிலையத்திலிருந்து புறப்படும் எல்லா விமானங்களுக்கும் பொருந்தும். வெளியிலிருந்து அங்கே வரும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால் அதற்கும் பொருந்தும். தூரத்தைப் பொறுத்து 2 முதல் 4 மணி நேரத் தாமதத்துக்கு மேல் உணவும், இரவு தங்க நேர்ந்தால் அறையும், அங்கே போய்வர வாகனமும் தர வேண்டும். போய்ச்சேரும்போது 3 மணி நேரம் அல்லது அதற்கு மேல் தாமதமாகியிருந்தால், தூரத்துக்கு ஏற்ப 250, 400, 600 யூரோ என இழப்பீடு உண்டு. புயல், வான்வெளி மூடல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இந்த இழப்பீடு கிடையாது.

இழப்பீடு இல்லை என்றால் உணவும் அறையும்கூட இல்லை என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அப்படிப்பட்ட நிலையிலும் பயணிகளைக் கவனித்துக்கொள்ளும் கடமை நீங்காது என்று 2013இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கவுண்டரில் யாரும் இல்லாமல் நீங்களே அறை எடுக்க நேர்ந்தால் அளவான செலவில் எடுத்து ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2024இல் வந்த விதி வேறு வகை. சர்வதேச விமானம் 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், நீங்கள் பயணத்தைக் கைவிட்டால், டிக்கெட் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மற்ற நாடுகளில் அந்தந்த விமானப் போக்குவரத்து ஆணையத்தின் விதி இருக்கும். விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அதைப் படித்துவிடலாம்.

இணைப்பு விமானம் எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டது. புது டிக்கெட் நாங்களே வாங்க வேண்டுமா?

முழுப் பயணமும் ஒரே முன்பதிவில், அதாவது ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால் வாங்க வேண்டியதில்லை. கடைசி ஊர்வரை உங்களைக் கொண்டுசேர்ப்பது அந்த நிறுவனத்தின் பொறுப்பு. பரிமாற்றக் கவுண்டரின் வரிசையில் ஒருவர் நிற்கும்போதே இன்னொருவர் தொலைபேசியில் முயலட்டும். கடைசி இரண்டு இருக்கைகள் எந்த வழியில் முதலில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

விலை குறைவு என்று இரண்டு நிறுவனங்களில் தனித்தனியாக டிக்கெட் வாங்கியிருந்தால் நிலைமை கடினம். இரண்டாவது நிறுவனத்தின் கணக்கில் நீங்கள் வராத பயணி. முதல் நிறுவனமோ தன் ஊர்வரை கொண்டுவந்து விட்டதோடு கடமை முடிந்தது என்று சொல்லும். குறுகிய பயணத்துக்குத் தனித்தனி டிக்கெட் வேண்டவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மிச்சமாகும் பணத்தைவிட ஒரு நாள் பெரிது.

வேறு நாடு வழியாக அனுப்புகிறோம் என்கிறார்கள். சரி என்று சொல்லிவிடலாமா?

சொல்வதற்கு முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள். அந்த நாட்டு விமான நிலையத்தில் மாறுவதற்கு உங்கள் கடவுச்சீட்டுக்கு டிரான்ஸிட் விசா வேண்டுமா? பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போகுமா, நடுவில் எடுத்து மறுபடி கொடுக்க வேண்டுமா? குடும்பம் முழுவதும் ஒரே விமானத்தில்தானா?

விசா விஷயத்தில் கவுண்டரில் இருப்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பாதீர்கள். ஒரே விமான நிலையத்துக்குள் மாறுவதற்கே சில நாட்டவரிடம் விசா கேட்கும் நாடுகள் இருக்கின்றன. நடுவழியில் தங்கச் சொன்னால், அறை இருப்பது குடியேற்றச் சோதனைக்கு வெளியேயா உள்ளேயா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் வந்துவிட்டோம், பெட்டி வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் புகார் செய்துகொள்ளலாமா?

விமான நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே பெட்டிப் புகார்ப் பிரிவில் எழுதிக் கொடுத்து, எண் உள்ள நகலை வாங்குங்கள். பல பெட்டிகள் அடுத்தடுத்த விமானங்களில் வந்து சேர்ந்துவிடுகின்றன. மாற்றுடை, சோப்பு, குழந்தைக்கு வேண்டியவை என்று அவசியமானவற்றை வாங்கி ரசீதை வையுங்கள்.

1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கை சர்வதேசப் பயணங்கள் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்துகிறது. அதன்படி பெட்டி சேதமடைந்திருந்தால் கையில் கிடைத்த 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கிடைத்த 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாட்கள் ஆகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கொள்ளலாம். 2024 டிசம்பர் 28 முதல் பெட்டிக்கான உச்சவரம்பு ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. அன்றைய மதிப்பில் உங்கள் நாணயத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த வரம்புவரை உங்கள் இழப்பை நீங்கள் காட்ட வேண்டும் என்பதால்தான் ரசீது, ரசீது என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

மாத்திரைகள் எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருக்கின்றன. இப்போது என்ன செய்வது?

இரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, இதயநோய் மாத்திரைகள் என்றால் பெட்டி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றே உள்ளூர் மருந்தாளரையோ மருத்துவரையோ பாருங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். மருந்தின் வேதிப்பெயரும் அளவும் தெரிந்தால் எங்கும் புரிந்துகொள்வார்கள். மருந்துச் சீட்டின் படம் கைபேசியில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த முறை மருந்து கைப்பையில்தான் இருக்க வேண்டும், அதுவும் தாமதத்தைக் கணக்கில் கொண்டு ஒரு வாரத்துக்கு அதிகமாக. இன்சுலினைச் சரக்கு அறையில் வைக்கவே கூடாது. உறைந்துபோனால் அது பயன்படாது. திரவங்களுக்கு 100 மில்லி வரம்பு உள்ள விமான நிலையங்களிலும் மருந்துக்கும் கைக்குழந்தையின் பாலுக்கும் பொதுவாக விலக்கு உண்டு. சோதனையின்போது தனியாக எடுத்துக் காட்ட வேண்டும். நம் வீட்டில் சாதாரணமாக இருக்கும் சளி, இருமல், வலி மருந்து சில நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டது. ஜப்பானுக்குள் மூக்கடைப்பு நீக்கும் சூடோஎபிட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தைக் கொண்டுபோக முடியாது. கோடீன் என்ற வலிநீக்கி கலந்த மருந்துக்கு ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்பாடு உண்டு.

இறங்கிய இரண்டாம் நாளே ஒவ்வொருவராகப் படுத்துவிட்டோம். விமானத்துக் காற்றுதான் காரணமா?

காற்றை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெரிய பயணிகள் விமானங்களில் காற்று நுண்வடிகட்டி வழியாகத்தான் சுழல்கிறது. ஆபத்து அருகில் உட்கார்ந்து இருமுகிறவரிடம் இருக்கிறது. அதற்கு முன் வரிசைகளிலும் பேருந்திலும் காத்திருப்பு அறையிலும் இருக்கிறது. தாமதமானால் அங்கே கழியும் நேரமும் கூடுகிறது. இன்ஃப்ளுயன்சா தொற்றி 1 முதல் 4 நாட்களில் காய்ச்சலாக வெளிப்படும். இரண்டாம் நாள் படுத்தவர் புறப்படுவதற்கு முன்பே வீட்டில் அதை வாங்கியிருக்கவும் கூடும்.

நேர மாற்றத்தின் களைப்பையும் நோயையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். தூக்கம் கெடும், பசி இருக்காது, தலை கனக்கும். ஆனால் நேர மாற்றத்தால் காய்ச்சல் வராது. வெப்பமானி கைப்பையில் இருந்தால் இந்தச் சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீரும்.

குழந்தைக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாமா?

நீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் பல நேரம் முடியும். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை அதில் சொன்ன அளவு நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாக, இடைவிட்டுக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி தொடங்குங்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய அளவில், கரைத்துக் கொடுக்கலாம். உப்பு ஒருபோதும் கூடக் கூடாது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு அதை நிறுத்த வேண்டாம்.

சிறுநீர் வெகுநேரமாக இல்லை, அழுதால் கண்ணீர் இல்லை, கண் குழிவிழுந்திருக்கிறது, குழந்தை துவண்டு கிடக்கிறது, மலத்தில் இரத்தம், எதையும் உள்ளே வைக்க முடியவில்லை: இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனை. மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தாலே வேறு அறிகுறிக்குக் காத்திருக்கக் கூடாது.

வீட்டில் ஒருவர்பின் ஒருவராக வாந்தி எடுத்தால் நோரோவைரஸாக இருக்கலாம். தொற்றிய 12 முதல் 48 மணி நேரத்தில் தொடங்கி, பெரும்பாலும் 1 முதல் 3 நாட்களில் அடங்கும். கைகளில் தடவும் ஆல்கஹால் திரவம் இதற்குச் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். வாந்தியும் வயிற்றுப்போக்கும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை, நோயுற்றவர் மற்றவர்களுக்குச் சமைக்கக் கூடாது.

பாட்டியைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். லேசான காய்ச்சல்தான். போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவரின் குரலே வேறாக இருக்கும். பதிலைச் சொல்ல எனக்கும் கடினமாகத்தான் இருக்கிறது: வேண்டாம். நமக்கு மூன்று நாள் படுக்கையாக இருக்கும் இன்ஃப்ளுயன்சா, எண்பது வயது நுரையீரலுக்கு நிமோனியா ஆகலாம். அறிகுறி தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அது பரவத் தொடங்குகிறது. ஆகவே நேற்று நன்றாக இருந்தபோது பாட்டியின் அருகில் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால், அதையும் மறைக்காமல் அவரைக் கவனிக்கிறவரிடம் சொல்லிவிடுங்கள். இன்ஃப்ளுயன்சாவுக்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்கு பயன்படும். முன்கூட்டிச் சொல்வதால் அவருடைய மருத்துவருக்கு அந்த நேரம் கிடைக்கிறது.

எப்போது போகலாம்? காய்ச்சல் மாத்திரை இல்லாமலேயே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை, மற்ற அறிகுறிகளும் தணிந்துவருகின்றன என்றால் பொது இடங்களுக்குப் போகலாம், அதன் பிறகும் 5 நாள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2024இல் தந்த பொது வழிகாட்டல். முதியவர் விஷயத்தில் அந்த 5 நாட்களையும் கணக்கில் கொள்ளுங்கள். அதற்குள் திரும்ப வேண்டியிருந்தால் நல்ல முகக்கவசத்தோடு, ஜன்னல்களைத் திறந்துவைத்து, முடிந்தால் வெளியில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு வரலாம். பாட்டியின் மருத்துவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

குடும்பத்தில் நோய் இல்லாதவர் ஒருவராவது இருந்தால் அவரை முதல் நாளே வேறு இடத்தில் தங்க வையுங்கள். எல்லோரும் ஒரே அறையில் படுத்து எல்லோரும் நோயாளியாவதைவிட, ஒருவராவது பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது மேல். மற்றவர்கள் கைபேசித் திரையில் வரட்டும். மனம் ஆறாதுதான். ஆனால் பாட்டியைக் காப்பாற்றுவதும் பார்க்க வந்ததில் சேர்ந்ததே.

நாங்கள் தங்கியிருக்கிற வீட்டுக்காரர்களுக்கு இது சங்கடமாக இருக்காதா? சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

சொல்லாமல் விட்டு, அவர்கள் வீட்டுக் குழந்தைக்கும் வந்தால்தான் சங்கடம். புறப்படும் நாளிலேயே தொண்டை கரகரத்தால் அதைத் தொலைபேசியில் சொல்லி, "வரட்டுமா, தள்ளிப்போடட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள். முடிவெடுக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

எந்த மருத்துவமனைக்குப் போவது? காப்பீடு இருக்கிறது, ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியவில்லை.

உயிருக்கு ஆபத்து என்றால் அந்த நாட்டு அவசர எண்ணை அழையுங்கள், காப்பீடு பிறகு. மற்ற நேரங்களில், அனுமதியாவதற்கு முன் பாலிசியில் உள்ள 24 மணி நேர உதவி எண்ணை அழையுங்கள். எந்த மருத்துவமனையில் அவர்களே நேரடியாகப் பணம் கட்டுவார்கள் என்று சொல்வார்கள். அழைக்காமல் பெரிய செலவு செய்துவிட்டால் பல பாலிசிகளில் தொகை குறையும், அல்லது சிக்கலாகும். அழைத்த நேரத்தையும் பேசியவர் தந்த எண்ணையும் குறித்து வையுங்கள்.

வெளியே வரும்போது வாங்க வேண்டியவை: விவரமான பில், பணம் கட்டிய ரசீது, நோயின் பெயர் எழுதிய மருத்துவர் அறிக்கை. பயணத் தேதி பாதிக்கப்பட்டால் "இன்ன தேதிவரை பயணம் செய்யத் தகுதியில்லை" என்ற வாசகம் அந்த அறிக்கையில் இருந்தே ஆக வேண்டும். டிக்கெட் மாற்றம், காப்பீடு, விசா ஆகிய மூன்றுக்கும் இந்த ஒரு வரி உதவும்.

காப்பீடு எல்லாவற்றுக்கும் கொடுக்குமா? இல்லையென்றால் இப்போது ஒன்று வாங்கிக்கொள்ளலாமா?

இரண்டு கேள்விக்கும் என் பதில்: "இல்லை." முன்பே இருந்த நோயைச் சொல்லாமல் வாங்கியிருந்தால் அதனால் வந்த செலவை மறுக்கலாம். தாமதத்துக்கு இத்தனை மணி நேரத்துக்கு மேல் என்று ஒரு வரம்பு இருக்கும். முதல் பகுதிச் செலவு நம் தலையில் விழும் பாலிசிகளும் உண்டு. புயல் அறிவிப்பு வந்த பிறகோ காய்ச்சல் தொடங்கிய பிறகோ வாங்கிய காப்பீடு அந்தப் புயலுக்கும் அந்தக் காய்ச்சலுக்கும் பொருந்தாது.

பாலிசி முடிகிற தேதியைத் திரும்பும் தேதியோடு நிறுத்தாமல் சில நாள் தள்ளி வையுங்கள். நோயால் அல்லது விமான ரத்தால் திரும்ப முடியாதபோது தானாகவே நீளும் பாலிசிகள் இருக்கின்றன; எல்லாம் அப்படி இல்லை.

போகும் வழியிலேயே ஒன்றரை நாள் போய்விட்டது. திரும்பும் தேதியைத் தள்ளிப்போடலாமா?

விமான நிறுவனத்தின் தவறால் நாள் போயிருந்தால் கட்டணமின்றி மாற்றித் தரக் கேளுங்கள். சில நேரம் ஒப்புக்கொள்வார்கள். ஆனால் அதற்கு முன் விசா, விடுப்பு, காப்பீட்டின் கடைசி தேதி மூன்றையும் பாருங்கள்.

பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது: தேதியைத் தொடாதீர்கள், திட்டத்தை வெட்டுங்கள். சுற்றிப் பார்க்க நினைத்த இடங்கள், ஒவ்வொரு உறவினர் வீட்டுக்கும் ஒரு வேளை என்று போட்ட அட்டவணை, கடைகள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, யாருக்காக வந்தீர்களோ அவர் வீட்டில் இருங்கள். மற்ற உறவினர்கள் அங்கே வந்து பார்க்கட்டும். இழந்த நாளை அலைந்து ஈடுகட்ட நினைத்தவர்கள்தான் மறுநாள் நோயில் விழுகிறார்கள்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் முதல் விமானத்தில் வரவில்லை. அவருடைய திரும்பும் டிக்கெட் அப்படியே இருக்கும்தானே?

இருக்காது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முன்பதிவில் முதல் பகுதியில் ஏறாதவரின் மீதிப் பகுதிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் தாமாகவே ரத்துசெய்துவிடும். நடுவில் உள்ள ஊருக்கு ரயிலில் போய் அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம் என்ற யோசனையும் இதனால்தான் கவிழ்கிறது.

விமானம் புறப்படுவதற்கு முன்பே அழைத்து, அம்மாவை மட்டும் தனி முன்பதிவாகப் பிரித்துத் தேதியை மாற்றித் தரச் சொல்லுங்கள். எஞ்சியவர்களின் டிக்கெட் அப்படியே இருப்பதை அந்த அழைப்பிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு திரும்பும் விமானத்தில் ஏறிவிட்டால் என்ன?

ஏறாதீர்கள். மாத்திரை வெப்பத்தை மறைக்கும். தொற்று அப்படியே இருக்கும். பக்கத்து இருக்கையில் இருப்பவரும் ஒருவேளை தன் பாட்டியைப் பார்க்கப் போகிறவராக இருக்கலாம். உங்கள் உடலுக்கும் அது நல்லதல்ல. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போன்றது, ஈரப்பதமோ மிகக் குறைவு. நிமோனியாவோ ஆஸ்துமாவோ இருப்பவருக்கு மூச்சு முட்டலாம். பார்த்தாலே நோயாளி என்று தெரிகிறவரை ஏற்ற மறுக்கவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு. மேலே சொன்ன மருத்துவர் அறிக்கையைக் காட்டித் தேதியை மாற்றக் கேட்பதே வழி.

எனக்கு வெறும் மூக்கடைப்புதான். அதற்கும் தள்ளிப்போட வேண்டுமா?

வெறும் அடைப்பென்றால் பெரும்பாலும் வேண்டாம், ஆனால் இறங்கும்போது காது கடுமையாக வலிக்கலாம். மூக்குக்கும் நடுக்காதுக்கும் இடையிலுள்ள குழாய் அடைத்திருந்தால் அழுத்தம் சமமாகாது. இறக்கம் தொடங்கும்போது தூங்காமல் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள். கைக்குழந்தைக்கு அந்த நேரத்தில் பால் கொடுங்கள். அடைப்பு நீக்கும் மருந்தை இரத்த அழுத்தம் உள்ளவர் கேட்காமல் எடுக்கக் கூடாது. காதில் ஏற்கெனவே வலியோ சீழோ இருந்தால் மருத்துவர் பார்த்த பிறகே பறக்க வேண்டும்.

சின்னம்மை, எலும்பு முறிவு, அறுவைச் சிகிச்சை என்றால் எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம்?

சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். புதிதாக மாவுக்கட்டு போட்டிருந்தால் 2 மணி நேரத்துக்குட்பட்ட பயணத்துக்கு 24 மணி நேரமும் நீண்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் பொறுப்பது வழக்கம். உள்ளே வீங்கினால் இரத்த ஓட்டம் தடைப்படும். வயிற்றில் சிறு துளை வழியாகச் செய்த எளிய அறுவைக்கு 4, 5 நாட்களும் பெரிய அறுவைக்கு 10 நாட்களும் பொதுக் கணக்கு. உடலுக்குள் அடைபட்ட வாயு அந்த உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிவடைவதே காரணம். நிறுவனங்கள் இதற்கென ஒரு மருத்துவப் படிவம் வைத்திருக்கின்றன. மருத்துவரிடம் நிரப்பி முன்கூட்டியே அனுப்புங்கள்.

என் கணவர் மருத்துவமனையில் இருக்கிறார். நான் பிள்ளைகளோடு முதலில் திரும்பலாமா?

திரும்பலாம். முன்பதிவை மேலே சொன்னபடி பிரித்துக்கொள்ளுங்கள். பலர் மறந்துவிடுவது ஒப்புதல் கடிதம். பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு எல்லை கடக்கும்போது மற்றவரின் ஒப்புதலைக் கேட்கும் நாடுகள் இருக்கின்றன. கணவர் கையெழுத்திட்ட கடிதம், அவருடைய கடவுச்சீட்டு நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையெழுத்துப் போடும் நிலையில் இல்லாவிட்டால் மருத்துவமனைக் கடிதத்தோடு உங்கள் நாட்டுத் தூதரகத்தைக் கேளுங்கள். தூதரகம் மருத்துவக் கட்டணத்தைப் பொதுவாகக் கட்டாது. ஆனால் உறவினருக்குத் தகவல் சொல்வது, அவசரக் கடவுச்சீட்டு தருவது, உள்ளூர் நடைமுறையை விளக்குவது போன்றவற்றில் உதவும்.

நாளையோடு விசா முடிகிறது, இன்னும் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. பிறகு விளக்கம் சொல்லிக்கொள்ளலாமா?

முடிவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். முடிந்த பிறகு சொல்லும் நியாயமான காரணம்கூட மீறலாகப் பதிவாகி அடுத்த விசாவைப் பாதிக்கலாம். ஷெங்கன் நாடுகளில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளில், தவிர்க்க முடியாத நிகழ்வு அல்லது மனிதாபிமானக் காரணத்தால் வெளியேற முடியாதவருக்கு விசாவை இலவசமாக நீட்டிக்க விதி இடம் தருகிறது. அமெரிக்காவில் கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவின் தேதியைப் பார்க்கக் கூடாது; நுழையும்போது பதிவான ஐ-94 தேதியே கணக்கு. தங்கும் காலத்தை நீட்டிக்க அந்தத் தேதிக்குள் ஐ-539 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விசா இல்லாத நுழைவுத் திட்டத்தில் வந்தவர்களுக்கு இந்தப் படிவம் பொருந்தாது. அவர்கள் குடியேற்றத் துறையை நேரடியாகக் கேட்க வேண்டும்.

ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இப்போது காய்ச்சல் வந்தால் அதற்கும் பயணத்துக்கும் தொடர்பு இருக்குமா?

இருக்கலாம். மருத்துவர் கேட்காவிட்டாலும் எந்த நாட்டில், எந்தத் தேதியில் இருந்தீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். மலேரியா உள்ள பகுதிக்குப் போய்வந்தவருக்கு ஓராண்டுவரை வருகிற எந்தக் காய்ச்சலையும் மலேரியா இல்லை என்று சோதித்துத் தெளிய வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், அல்லது திடீர் மூச்சுத் திணறலும் நெஞ்சு வலியும் இருந்தால் அன்றே போங்கள். 4 மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நலமாக இருப்பவருக்கு அது சுமார் 6,000இல் ஒருவர் என்ற சிறிய அளவுதான். காய்ச்சலில் நீர் வற்றிப் படுக்கையில் கிடந்துவிட்டு உடனே நீண்ட பயணம் செய்தவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

பணத்தை யாரிடம் முதலில் கேட்பது? எத்தனை நாளுக்குள்?

ஒரே செலவை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. தாமதம், ரத்து, பெட்டி ஆகியவற்றுக்கு முதலில் விமான நிறுவனத்தை எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் அந்த மறுப்புக் கடிதத்தோடு காப்பீட்டை அணுகுங்கள். மருத்துவச் செலவு நேரடியாகக் காப்பீட்டுக்கு. காப்பீட்டுக் காலக்கெடு சில வாரங்களில் முடியலாம் என்பதால் விமான நிறுவனத்தின் பதில் வரும்வரை காத்திருக்காமல் அங்கே ஒரு தகவல் கடிதம் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் பி.என்.ஆர். எண், விமான எண், தேதி, வரவேண்டிய நேரம், வந்த நேரம், கேட்கும் தொகை இவ்வளவு போதும். கோபத்தை எழுதினால் நீளும். தொகையை எழுதினால் பதில் வரும். பயண வவுச்சர் தருகிறோம் என்றால், பணமாகப் பெறும் உரிமை இருக்கிறதா என்று பார்த்த பிறகே சம்மதியுங்கள். மான்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் வழக்குத் தொடுக்க 2 ஆண்டுகள் அவகாசம் உண்டு. பெட்டிக்கு மட்டும் முன்பு சொன்ன 7, 21 நாள் கெடு தனி. அதைத் தவறவிட்டால் அந்த 2 ஆண்டுகளும் உதவாது.